பட்டினத்தாரின் மகனும் அகுஸ்தினாரின் மகனும்

பட்டினத்தாரைப் பற்றிப் பேச முற்படுவோர் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது அந்தக் காதில்லாத ஊசியைத்தான். கதாகாலட்சேபம் ஆனாலும், பட்டிமன்றம் ஆனாலும், 1962இல் டி. எம். சௌந்தரராசன் தாமே நடித்துப் பாடிய திரைப்படம் ஆனாலும், ஊசி வந்ததும் அவையோர் தலையசைப்பர். செல்வம் உடன் வாராது என்னும் பாடம் சொல்லப்படும். அவையோர் வீடு திரும்பி மறுநாள் வட்டிக் கணக்கைப் பார்ப்பர். இப்பாடம் பொய்யன்று. ஆயினும் அந்த ஊசியை அனுப்பியவர் யார் என்னும் வினாவை நாம் எழுப்புவதேயில்லை. அது குரு சீடனுக்கு அனுப்பியது அன்று. மகன் தந்தைக்கு விட்டுச் சென்றது. பட்டினத்தார் கதை துறவியின் கதையாவதற்கு முன்பே ஒரு தந்தையின் கதை என்பதையும், அதை அவ்வாறு படிக்கும்போதுதான் அவர் பெயரில் வழங்கும் பாடல்களின் உள்முரண் விளங்குகிறது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். காஞ்சியை அடுத்த ஏனாத்தூரில் இருந்துகொண்டு இதனை எழுதுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. அவர் மனம் திரும்பத் திரும்பச் சென்று நின்ற தலங்களுள் கச்சி ஏகம்பமும் ஒன்று.

பிள்ளை பிறந்தபின் மனிதருக்கு ஏன் ஆன்மிகத் தேடல் எழுகிறது? தனி மனிதனாக இருந்தவரை, 'ஏன் வாழ்கிறேன்' என்னும் கேள்வியை வேலையாலும் கேளிக்கையாலும் தள்ளிப்போட முடிகிறது. தொட்டிலில் ஓர் உயிர் வந்து கிடக்கும்போது அக்கேள்வி வடிவம் மாறி, 'இவனை ஏன் இங்கே அழைத்து வந்தேன்' என்று கேட்கத் தொடங்குகிறது. இதற்குச் சாக்குச் சொல்ல முடிவதில்லை.

உருசிய இலக்கியத்தில் இதற்கு மிகத் துல்லியமான சான்று டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'. 1877இல் நிறைவுற்ற இந்நாவலில், லெவின் தன் முதல் மகனைக் காணும் கணத்தில் அவனுக்கு மகிழ்ச்சி எழவில்லை. தான் நோவதற்கு உலகில் புதிதாக ஓரிடம் திறந்துவிட்டது என்னும் அச்சமே எழுகிறது. நல்ல மனைவி, நிலபுலன், உடல்நலம் எல்லாம் வாய்த்த அம்மனிதன், தூக்கிட்டுக்கொள்வோமோ என்று அஞ்சிக் கயிற்றை ஒளித்து வைக்கிறான். ஃபியோதர் என்னும் உழவன், வேறொரு கிழவரைப் பற்றி, அவர் ஆன்மாவுக்காக வாழ்கிறார், கடவுளை மறப்பதில்லை என்று போகிற போக்கில் சொன்ன சொல் அவனுக்கு வழி திறக்கிறது. எனினும் என்னைக் கவர்ந்தது அதற்குப் பின் வரும் புயற்காட்சி. மனைவியும் குழந்தையும் காட்டிற்குள் இருக்க, இடி ஓர் ஓக் மரத்தைச் சாய்க்கிறது. அது அவர்கள்மேல் விழுந்திருக்கக் கூடாது என்று அவன் மன்றாடுகிறான். மரம் முன்பே விழுந்துவிட்டது. இனி மன்றாடுவதில் பொருளில்லை என்று அவன் அறிவு உணர்கிறது. உணர்ந்தும் மன்றாடுகிறான். தந்தையின் செபம் இதுதான். தருக்கத்தை முந்திக்கொண்டு வாய் திறந்துவிடுகிறது.

இனி நம் பட்டினத்தாருக்கு வருவோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடருக்கும் மனைவி சிவகலைக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லை. திருவிடைமருதூரில் சிவசருமர் என்னும் ஏழை அந்தணர், இறைவன் ஆணைப்படி தமக்குக் கிடைத்த ஆண்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்துப் பொருள் பெறுகிறார். மருதவாணன் என்று பெயரிட்டு வளர்க்கின்றனர். வளர்ந்த மகன் கடல் வாணிகம் சென்று திரும்புகிறான். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியவை வறட்டியும் தவிடும். தந்தை சினக்கிறார். பின்னர் அவற்றுள் மணிகள் மறைந்திருப்பது தெரிந்து அகமகிழ்ந்து மகனைத் தேடுகிறார். மகன் இல்லை. தாயிடம் அவன் கொடுத்துச் சென்ற பேழை மட்டும் இருக்கிறது. அதனுள் ஊசியும் ஓலையும்.

இக்கதையின் நுட்பம் ஓலையில் எழுதியிருந்த வாசகத்தில் மட்டும் இல்லை; நிகழ்ச்சிகளின் வரிசையில் இருக்கிறது. கடல் கடந்து மீண்ட மகனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தந்தை மூட்டையைப் பார்த்தார். வறட்டி என்றதும் சினமும் மணி என்றதும் மகிழ்வுமாக, இருமுறையும் அவர் மகனை எடைபோட்டது சரக்கைக் கொண்டுதான். அவரை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. 1993இல் இங்கு விசுவ மகாவித்யாலயா நிறுவப்பட்டது முதல், ஏனாத்தூர் சாலையில் ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருவதைக் காணலாம். கையில் மதிப்பெண் பட்டியல் வைத்த உறை. அதைப் பிரித்துப் பார்க்கும்போது சில தந்தையரின் முகத்தில் தோன்றும் சுளிப்பும் மலர்ச்சியும் காவிரிப்பூம்பட்டினத்துக் களஞ்சியத்தில் தோன்றியவைதாம்.

நிலையாமையைப் பற்றிய சொற்களைத் திருவெண்காடர் அதற்கு முன் கேட்டிராதவரா? கோயிலுக்குச் செல்லும் செல்வர், அடியாருக்கு ஈபவர். அத்தகைய சொற்கள் அவர் செவியில் ஆயிரம் முறை விழுந்திருக்கும். அவற்றுக்கு அசையாத மனம் இந்த ஓலைக்கு உடைந்ததற்குக் காரணம், அதை எழுதியவன் இனி அவ்வீட்டில் இல்லை என்பதே. வெற்றிடம்தான் வாசகத்திற்குப் பொருள் தந்தது.

மருதவாணன் திருவிடைமருதூர்ப் பெருமானே என்று கதை முடிவில் சொல்லிவிடுகிறது. இது புராணிகர்களுக்குக் கிடைத்த வசதியான கதவு. மகன் கடவுளாகிவிட்டால் தந்தை அழவேண்டியதில்லை. ஆனால் அந்த வாசகத்தை முழுமையாக நம்பினால் வேறொன்று பிறக்கிறது. மகனே இறைவன் என்றால், பட்டினத்தார் தலந்தோறும் அலைந்தது மகனை விட்டு இறைவனைத் தேடியதாகாது. போன மகனைத் தேடிச் சென்றதாகும். ஆராய்ச்சியாளர் பலரும் பட்டினத்தார் ஒருவரல்லர் என்பர். பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ள ஐந்து நூல்களை இயற்றியவர் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டினர். மக்கள் நாவில் வழங்கும் எளிய பாடல்களைப் பாடியவர் பல நூற்றாண்டு பிற்பட்டவர். இது ஏற்கத்தக்க முடிவே. எனினும் மக்கள் மனம் இருவரையும் ஒருவராக்கி, ஒரே கதைக்குள் வைத்துப் போற்றுகிறது. அந்த ஒன்றுபட்ட கதையைத்தான் நான் படிக்கிறேன். திருமுறையில் உள்ள அந்த ஐந்தனுள் ஒன்று திருவேகம்பமுடையாருக்கு உரியது. மற்றொன்று திருவிடைமருதூருக்கு உரியது. கதையின் கண்கொண்டு நோக்கினால் பின்னது மகன் பிறந்த ஊர்.

கடவுளைப் பிள்ளையாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாயாகி நின்று பாடினார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமே அதிலிருந்து கிளைத்தது. ஆனால் அங்கே பிள்ளை தொட்டிலில் இருக்கிறது, அம்புலியை அழைக்கிறது, கையெட்டும் தூரத்தில் சிரிக்கிறது. காணாமற்போன பிள்ளையைத் தேடும் பக்திக்கு நாம் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திற்குச் செல்லவேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவனை மூன்று நாள் தேடி, எருசலேம் ஆலயத்தில் மரியாவும் யோசேப்பும் கண்டடைகின்றனர். அவன் கூறிய மறுமொழி அவர்களுக்குப் புரியவில்லை என்று நற்செய்தியாளர் ஒளிக்காமல் எழுதுகிறார். பெற்றோரின் ஆன்மிகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிட நேர்மையான குறிப்பை நான் கண்டதில்லை. திருவெண்காடரும் ஓலையைப் படித்த கணத்தில் எல்லாம் விளங்கிப் புறப்பட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அப்படி எல்லாம் விளங்கியிருந்தால் தாயாரின் ஈமத்தீயின் முன் அவர் அவ்வாறு பாடியிருக்க இயலாது. இங்கேதான் திறனாய்வாளன் சற்று நின்று நோக்கவேண்டும். பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்களுள் ஒரு பெரும்பகுதி உடலைப் பழிப்பவை. குறிப்பாகப் பெண்ணுடலைப் பழிப்பவை. கச்சித் திருவகவல் போன்றவற்றை இன்று ஒரு பெண் படித்தால் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. உறுப்பு உறுப்பாக எடுத்து அருவருப்பை ஏற்றிச் சொல்லும் அம்முறையில் அச்சம் தெரிகிறது, ஞானம் தெரியவில்லை. 'அக்காலத்து மரபு' என்று சொல்லி இக்குறையை நாம் மூடவேண்டியதில்லை.

ஆனால் தாயாருக்குத் தகனம் செய்கையில் பாடியனவாக வழங்கும் பத்துப் பாடல்களைத் தொடர்ந்து படியுங்கள். அதே உடல் அங்கே வேறாகிவிடுகிறது. சுமந்த வயிறு, பாலூட்டிய மார்பு, ஏந்திய தோள், மடி, தொட்டில் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். தமக்கு ஊட்டிய தாயின் வாயில் தாமே அரிசி இடவேண்டிய கொடுமையைச் சொல்கிறார். முப்புரத்தில் விழுந்த தீ, இலங்கையில் விழுந்த தீ, பெற்றவள் தம் வயிற்றில் மூட்டிச் சென்ற தீ என்று அடுக்கி, தாம் இடும் தீயும் பற்றட்டும் என்கிறார். உலகை அழித்த நெருப்புகளின் வரிசையில் ஒரு தாயின் பிரிவை வைப்பவர் எதைத் துறந்தவர்? சொத்தைத் துறந்தார், வீட்டைத் துறந்தார், பெயரையும் துறந்தார். பெற்றோர் பிள்ளை என்னும் கட்டு மட்டும் அவரிடம் அறுபடவில்லை. உடல் மலமூட்டை என்று அவர் பாடிய நூறு பாடல்களுக்கு இப்பத்துப் பாடல்களே மறுப்பு. எழுதியவர் ஒருவரோ இருவரோ, இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துக் காத்து வந்த தமிழ் மக்களின் உள்ளுணர்வு வியக்கத்தக்கது.

பட்டினத்தாரோடு ஒப்பிட மேலைநாட்டில் ஒருவரைத் தேடினால் புனித அகுஸ்தினார் தாமே வந்து நிற்கிறார். அவருக்கும் ஒரு மகன் இருந்தான். பெயர் அதேயோதாத்துஸ்; இலத்தீன் மொழியில் 'இறைவனால் தரப்பட்டவன்' என்று பொருள். திருவிடைமருதூர்க் குழந்தைக்கும் இப்பெயர் பொருந்தும். ஏறத்தாழ 372ஆம் ஆண்டில், அகுஸ்தினாருக்கு இருபது வயதுகூட நிரம்பாதபோது, திருமண உறவில்லாத ஒரு பெண்ணிடம் பிறந்தவன். தாம் விரும்பி வேண்டிப் பெற்ற பிள்ளையன்று என்பதை அகுஸ்தினார் மறைக்கவில்லை. பிறந்தபின் அன்பு தானே வந்து பற்றிக்கொண்டதையும் மறைக்கவில்லை.

386ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மிலானுக்கு அப்பால் காசிசியாகும் என்னும் நாட்டுப்புற வீட்டில், தம் தாய் மோனிக்கா, மகன், நண்பர்கள் ஆகியோருடன் அவர் தங்கியிருந்தார். நவம்பர் 13, அவர் பிறந்தநாள். அன்று தொடங்கிப் பேரின்ப வாழ்வு எது என்று உரையாடினர். கடவுளை உடையவர் யார் என்ற வினாவுக்கு ஒவ்வொருவரும் ஒரு விடை கூறினர். தூய்மையற்ற ஆவி இல்லாதவரே கடவுளை உடையவர் என்றான் சிறுவன். பாட்டியாருக்கு இவ்விடை மிகவும் பிடித்துப்போயிற்று என்று நூல் குறிக்கிறது. மூன்று தலைமுறை ஒரு கூடத்தில் அமர்ந்து வாழ்வின் பொருளைத் தேடிய அக்காட்சி மெய்யியல் வரலாற்றில் அரிது. அடுத்த ஆண்டு, 387இல், பாஸ்கா திருவிழிப்பு இரவில், ஆயர் அம்புரோசியாரின் கையால் தந்தையும் மகனும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றனர். இறையருளில் மகனைத் தமக்கு ஒத்த வயதினனாக ஏற்றுக்கொண்டதாக அகுஸ்தினார் பிற்காலத்தில் எழுதினார். முப்பத்திரண்டு வயதுத் தந்தைக்கும் பதினைந்து வயது மகனுக்கும் ஒரே இரவில் ஒரே வயது! பட்டினத்தாரின் மகன் தந்தையைத் தேடவைத்துவிட்டுப் போனான். இவனோ தந்தையோடு சேர்ந்து தேடினான்.

இத்தேடலின் பயனாக நமக்குக் கிடைத்த நூல் 389 அளவில் எழுதப்பட்ட 'ஆசிரியர்'. தந்தையும் மகனும் மட்டுமே பேசும் உரையாடல் அது. சொல் எதற்கு, குறி எதற்கு, ஒருவர் மற்றொருவருக்கு எதையேனும் கற்பிக்க முடியுமா என்று வாதம் நுணுகிச் செல்கிறது. முற்பகுதி இலக்கண வகுப்பைப் போல் அலுப்பூட்டும். பொறுமையில்லாதவர் அங்கேயே மூடிவிடுவர். பொறுத்தவருக்கு முடிவில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒலிக்கும் மனிதச் சொல் நினைவூட்ட மட்டுமே வல்லது. உண்மையை உணர்த்துபவர் உள்ளே உறையும் ஆசிரியராகிய கிறிஸ்து ஒருவரே என்கிறார் அகுஸ்தினார். பெற்ற மகனிடம், 'நான் உனக்கு ஆசிரியன் அல்லன்' என்று ஒரு தந்தை நூல் முழுவதும் வாதாடி நிறுவுகிறார். அதில் வரும் மகனுடைய கருத்துகள் மெய்யாகவே பதினாறு வயது மகனுடையவை என்று 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பிரிவில் உறுதியும் கூறுகிறார்.

இவ்வுரையாடலை நினைக்கும்போது நம் ஊர்ப்புறத்துக் கோர்வைத் தறி நினைவுக்கு வருகிறது. உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். முதன்மை நெசவாளர் இரண்டு நாடாக்களை எறிய, மறுபுறம் அமர்ந்த துணையாள் மூன்றாவதை எறியவேண்டும். இருவர் கையும் ஒத்துவந்தால்தான் கரை உடலோடு பிரியாமல் பிணையும். ஆயின் இவ்வுவமையில் மயங்கிவிடலாகாது. காஞ்சி வட்டாரத்தில் அந்த இரண்டாம் இருக்கையில் பல்லாண்டுகள் அமர்ந்திருந்தவர்கள் பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவர்கள். தந்தையின் கடனுக்குத் தம் கைகளை ஈடாகத் தந்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களை யாரும், 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்கவில்லை. அதேயோதாத்துஸிடம் அக்கேள்வி கேட்கப்பட்டது. அவன் விடை ஏட்டில் ஏறியது. பிள்ளையோடு சேர்ந்து வாழ்வின் பொருளைத் தேடுவது என்றால், பிள்ளையின் விடைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும். மூட்டையைப் பார்த்த திருவெண்காடர் காத்திருக்கவில்லை.

இவ்வாறு சொல்வதால் அகுஸ்தினாரைக் குறையற்றவராக்கிவிடுகிறேன் என்று கொள்ளவேண்டாம். மகனைப் பெற்ற அந்தப் பெண் எங்கே? ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்தவளை, செல்வக் குடும்பத்துத் திருமணம் ஒன்றுக்கு இடையூறு என்று ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினர். மகனைத் தந்தையிடம் விட்டு, வேறொரு ஆணை அறிவதில்லை என்று உறுதிபூண்டு அவள் போனாள். தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக எழுதும் அகுஸ்தினார் அவள் பெயரை எழுதவில்லை. அவள் மானத்தைக் காக்கவே பெயரை மறைத்தார் என்று சிலர் விளக்குவர், இருக்கலாம். தமிழ்க் கதையில் சிவகலைக்குப் பெயராவது உண்டு. ஆனால் பேழையை மகன் கையிலிருந்து வாங்கிக் கணவன் கையில் கொடுத்தபின் கதை அவளை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. வளர்த்த மகன் ஒருபுறம், கணவன் மறுபுறம் என்று இருவரையும் ஒருங்கே இழந்தவள் அவள். வாழ்வின் பொருள் என்ன என்று கேட்க அவளைவிட உரிமை உடையவர் அக்கதையில் இல்லை. தந்தை தேடினால் அது ஞானம், காவியம். தாய் தேடினால் அது அடுப்படிப் புலம்பல் என்று ஒதுக்கும் வழக்கம் இரு நாட்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. தாய்க்குப் பாடிய பத்தைப் போல மகனுக்கு என்று பட்டினத்தார் பெயரில் ஒரு பதிகம் வழங்கவில்லை. அகுஸ்தினாரும் அப்படியே. இளமையில் இறந்த ஒரு நண்பனுக்காக 'அறிக்கைகள்' நான்காம் பிரிவில் பக்கம் பக்கமாகக் கலங்கியவர், பதினேழு வயதளவில் மகன் இறந்ததை ஓரிரு சொற்றொடரில் முடித்துவிடுகிறார். அவனை நினைக்கும்போது கவலையில்லை என்கிறார். விசுவாசத்தின் அமைதி என்று இதனைப் போற்றுவோர் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்தப் பேனா அவ்விடத்தில் விரைந்து கடக்கிறது. மகனுடைய அறிவாற்றல் தமக்கு நடுக்கம் தந்ததாகச் சொல்லிவிட்டு உடனே வேறு பொருளுக்குச் சென்றுவிடுகிறது. நின்றால் எழுத முடியாது என்று அஞ்சிய விரைவு அது என்றே கருதுகிறேன்.

இக்கருத்துக்கு அதே ஒன்பதாம் பிரிவில் ஒரு சான்று உண்டு. திருமுழுக்குப் பெற்ற அந்த ஆண்டிலேயே, ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா உயிர் நீத்தார். கண்களை மூடிவிட்ட அகுஸ்தினார் கண்ணீரை வலிந்து அடக்கினார். நம்பிக்கையுள்ளோரின் சாவுக்கு அழுவது தகாது என்று எண்ணினார். அதேயோதாத்துஸ் மட்டும் வாய்விட்டுக் கதறினான். பெரியவர்கள் சேர்ந்து அவனை அடக்கி அமைதிப்படுத்தினர். தாம் உள்ளே அழுத்தி வைத்திருந்த குழந்தைத்தனமான ஏதோ ஒன்றும் அத்துடன் அடக்கப்பட்டதாக அகுஸ்தினார் எழுதுகிறார். அடக்கம் முடிந்தது; அவர் அழவில்லை. துயர் தணியுமென்று நீராடப் போனார், தணியவில்லை. படுத்து உறங்கி எழுந்தார். படுக்கையில் தனிமையில் அம்புரோசியாரின் பாடல் ஒன்று நினைவுக்கு வர, தாயை நினைத்தார். மகன் பலர் முன்னே செய்ததை, யாரும் காணாத அந்த நேரத்தில், தந்தையும் செய்தார்.